முடிவே இல்லாத ஆட்டங்கள் எப்படி முடிந்தன?

இன்றைக்கு ஒரு வீடியோ கேமை ஆடி முடித்தால், கடைசி வில்லன் விழுவான், உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடும். 1980 வாக்கில் வந்த பெரும்பாலான ஆர்கேட் ஆட்டங்களில் இதெல்லாம் கிடையாது. காரணம் ரொம்ப எளிது. அவை காசு போட்டு ஆடும் இயந்திரங்கள். நீங்கள் ஜெயித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனால் கடைக்காரருக்கு என்ன லாபம்? தோற்கணும், அடுத்த காசைப் போடணும்.

சரி, தோற்கவே தோற்காத ஒருத்தர் வந்தால்?

நாம்கோவின் பேக்-மேனை (1980) எடுத்துக்கொள்வோம். 21-ஆவது கட்டத்துக்குப் பிறகு அதன் கடினம் கூடுவதில்லை. பேய்கள் நகரும் விதத்தை மனப்பாடம் செய்தவர் மணிக்கணக்கில் ஆடிக்கொண்டே போகலாம், 255 வரை. அடுத்த கட்டத்தில்தான் வினை.

கட்ட எண்ணை அந்த இயந்திரம் ஒரே ஒரு பைட்டில் வைத்திருக்கிறது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டுமே, அதே கதை. திரையின் அடியில் எத்தனை பழம் வரையணும் என்று கணக்குப் போடும்போது, 255-உடன் ஒன்றைக் கூட்ட, விடை 0 ஆகிவிடுகிறது. அந்த நிரல் முதலில் ஒரு பழத்தை வரைந்துவிட்டு, எண்ணில் ஒன்றைக் கழித்து, அதன்பிறகுதான் 'பூஜ்யமா?' என்று பார்க்கும். பூஜ்யத்தில் ஒன்று போனால் 255. ஆக, அதிகபட்சம் 7 பழம் வரைய வேண்டிய இடத்தில் 256 முறை வரைகிறது. திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் குப்பையும்தான். கட்டத்தைத் தாண்ட 244 புள்ளிகளைத் தின்னணும். அத்தனை புள்ளிகள் அங்கே மிச்சமில்லை.

டாங்கி காங்கில் (1981) இதே சங்கதி 22-ஆவது லெவலில் வருகிறது. லெவலைப் பத்தால் பெருக்கி 40 கூட்டினால், நேரக் கணக்கு. 22-க்கு 260 வரணும், பைட்டில் 4 மட்டும் மிஞ்சுகிறது. ஏறி முடிக்க நேரம் போதாமல் மரியோ செத்துவிடுவார். எவ்வளவு திறமை இருந்தும் பிரயோஜனமில்லை.

ஆனால் இதில் ஒரு நல்லதும் நடந்தது. பேக்-மேன் அங்கே நின்றுபோவதால்தான் அதற்கு 3,333,360 என்ற உச்சபட்ச ஸ்கோர் உண்டு. பிழை இல்லாமல் இருந்திருந்தால், 'முழுசா ஆடி முடிச்சேன்' என்று யாராலும் சொல்லியிருக்கவே முடியாது.