எஞ்சிய நுரையீரலின் பணி

நுரையீரலில் ஒரு பகுதியை அகற்றிக்கொண்டு ஊர் திரும்பியவரை 'பாதி மூச்சுக்காரர்' எனக் கருதி, எவ்வேலையிலும் சேர்க்காது ஒதுக்கிவிடுதல் கிராமங்களில் உண்டு. இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை வெளிக்களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

வெதுருகுப்பம் போன்ற சித்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கு நுரையீரல் சிகிச்சை புதியதன்று. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915இல் க்ஷயரோக நிலையம் திறக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் டாக்டர் ரீவ் பெட்ஸ் மார்பு ரண சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அந்நாளில் க்ஷயத்திற்காகவும் மடல்களை அகற்றினர். நல்ல மருந்துகள் வந்தபின் அத்தேவை மிகவும் குறைந்தது. இன்று புற்றுநோயே முக்கிய காரணம்.

வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடதில் இரண்டும் உள்ளன. ஒன்றை எடுத்தால் அவ்விடம் வெறுமையாக நிற்பதில்லை. எஞ்சிய மடல்கள் விரிகின்றன, உதரவிதானம் மேலேறுகிறது, இதயமும் அப்பக்கம் சற்றே நகர்கிறது. இரத்த ஓட்டத்தில் நிகழும் மாறுதல் இன்னும் வியப்பானது. ஓய்வு வேளையில் நுரையீரலின் தந்துகிகளுட் பல, நீர் விடப்படாத கிளைக்கால்வாய்களைப்போல் ஒடுங்கிக் கிடக்கும். முழு இரத்தமும் எஞ்சிய பகுதிக்கே வரும்போது அவை திறந்துகொள்கின்றன. ஆதலின், ஓய்வில் இரத்த அழுத்தம் அங்கே பெரிதும் உயர்வதில்லை.

முதல் வாரங்களில் தோன்றும் இளைப்புக்கு மடலின் இழப்பு மட்டுமே காரணமன்று. காயத்தின் வலிக்கு அஞ்சி ஆழ மூச்சிழுக்காமையும் காரணமாகும். மூன்று முதல் ஆறு மாதங்களில் பெருமளவு தேறிவிடும். ஒரு பக்கத்து நுரையீரல் முழுவதையும் இழந்தவருக்கோ நிலையான குறைவு உண்டு. எனினும் அது பாதியன்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் இவ்வாறு சிகிச்சை செய்த நோயாளி, தாமும் ஒரு மருத்துவர். கிரஹாம் 1957இல் மறைந்த பின்னரும் அவர் வாழ்ந்திருந்தார்.

புதிய காற்று நுண்ணறைகள் முதிர்ந்தவர்களிடம் உண்டாவதில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 33ஆம் வயதில் வலது நுரையீரலை இழந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பதினைந்து ஆண்டுகட்குப்பின் ஆராய்ந்தபோது, எஞ்சிய நுரையீரலில் நுண்ணறைகள் 64 விழுக்காடு மிகுந்திருக்க வேண்டுமெனக் கணித்தனர். இது 2012இல் வெளிவந்தது. ஒருவரிடம் கண்டதை எல்லோர்க்கும் பொது விதியாகக் கொள்ளலாகாது.

இத்தகையோரை வீட்டில் காணும் பணியாளர், அவர் நாடோறும் நடக்கின்றாரா, தோளை நன்கு அசைக்கின்றாரா என வினவுதல் வேண்டும். பீடியையும் அடுப்புப் புகையையும் விலக்கச் சொல்லவேண்டும். இனி ஈடுசெய்ய உள்ளது எஞ்சிய பகுதி ஒன்றே. காய்ச்சல், நாற்றமுள்ள சளி, சளியில் இரத்தம், உட்கார்ந்திருக்கும்போதே திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக.