லாரி எக்ஸாஸ்ட் பிரேக்: தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் என்ன ஆகும்?

பெங்களூருவில் இருந்து சேலம் வரும் வழியில், தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம். வடக்கே இருந்து லோடுடன் நாமக்கல் திரும்பும் லாரிகளும் இதில்தான் இறங்குகின்றன. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கு லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து மோதிய விபத்துகளில் தலா 4 பேர் உயிரிழந்தனர்.

இப்படி விபத்து நடந்தால் 'பிரேக் பிடிக்கல' என்ற பேச்சு உடனே வரும். ஆனால், இறக்கத்தில் லாரியின் வேகத்தை அடக்கவே தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. அதுதான் எக்ஸாஸ்ட் பிரேக்.

கால் பிரேக் மட்டும் போதாதா?

போதாது. 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டு ஏசி நாலைந்து மணி நேரம் ஓடும் கரண்ட் அது! காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், இதில் பெரும்பகுதி வெப்பமாகி பிரேக் டிரம்மில் சேரும். டிரம் அளவுக்கு மீறிச் சூடானால் லைனிங்கின் பிடி குறையும். பிறகு எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது.

எக்ஸாஸ்ட் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

இன்ஜினில் இருந்து புகை வெளியேறும் குழாயில் வட்டமான தகடு ஒன்று இருக்கும். டிரைவர் பட்டனை அழுத்தினால், ஏர் டேங்க்கில் இருந்து வரும் காற்று அந்தத் தகட்டைத் திருப்பிக் குழாயை அடைக்கும். கூடவே டீசலும் கட் ஆகும். வெளியே போக வழியில்லாத காற்றைப் பிஸ்டன் முட்டித் தள்ள வேண்டும். அதற்கான சக்தி சக்கரத்தில் இருந்து வருவதால் வண்டி மெதுவாகிறது. டிரம்முக்கு வேலை குறைகிறது.

நியூட்ரல் போட்டா டீசல் மிச்சமா?

இதுதான் ஆபத்தான நம்பிக்கை. நியூட்ரலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் புதுசாக இருந்தாலும் பயன் பூஜ்ஜியம். கிளட்ச்சை மிதித்தாலும் அதே கதைதான். போதாக்குறைக்கு, நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் செலவாகும். கியரில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்கும்போது அந்தச் செலவும் இல்லை.

ஏறும்போது எந்த கியர் தேவையோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. அந்த கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

பழைய லாரியில் என்ன பழுது வரும்?

புகைக்கரி படிந்து தகடு இறுகுவதுதான் பொதுவான பிரச்னை. பாதி மூடிய நிலையில் சிக்கினால் இழுவை குறையும், கறுப்புப் புகை வரும். டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும். திறந்த நிலையில் சிக்கினால் எந்த அறிகுறியும் இருக்காது. சமதளத்தில் லாரி வழக்கம்போல ஓடும். இறக்கத்தில்தான் விஷயம் வெளியே வரும்.

ஏர் லீக், தேய்ந்த ராடு மூட்டுகள், வேலை செய்யாத ஸ்விட்ச், மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு ஆகியவையும் காரணமாகலாம்.

எப்படிச் சோதிப்பது?

* வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடவும். குழாய் சூடு ஆறியிருக்க வேண்டும்.
* இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். ஏர் டேங்க்கில் போதிய காற்று வேண்டும். ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் தகட்டின் லீவரைக் கவனிக்கவும். முழுசாகத் திரும்பி, விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும்.
* லீவர் தயங்கினால், பட்டறையில் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யவும். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் கருகிவிடும். அதிக வெப்பம் தாங்கும் வகையே சரி.
* 'பவர்' கூட்டுவதற்காகத் தகட்டில் உள்ள சிறு துளையை அடைக்கக் கூடாது. அழுத்தம் எகிறினால் இன்ஜின் வால்வுகள் பாதிக்கப்படும்.

எப்போது கவனம் தேவை?

மழையில், காலி வண்டியில். எக்ஸாஸ்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும் என்பதால் வழுக்க வாய்ப்பு உண்டு. வண்டியை முழுதாக நிறுத்தவும் இது உதவாது; அதற்குக் கால் பிரேக்தான்.

காரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இறக்கத்தில் லாரி மெதுவாக உருண்டால், டிரைவர் கியரில் அடக்கி வருகிறார் என்று அர்த்தம். ஹாரன் அடித்து அவசரப்படுத்தாதீங்க. ஓவர்டேக் செய்து அதன் மூக்குக்கு முன்னால் பிரேக் போடவும் வேண்டாம்.