ஒரே பாத்தியில் நான்கு உயிர்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் மழை தொடங்கிய பின், லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியை மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள். நீளமாய், காலில்லாமல், ஏதாவது ஒன்று நெளிந்துகொண்டு வெளியே வரும். வயலை விட்டு இடம்பெயர்ந்து மலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த மண் புதிது. இதில் வாழ்பவையும் புதியவை. "பாம்பு!" என்று ஒரு பிள்ளை கத்தினால் போதும், பெரியவர்கள் ஓடிவந்து மண்வெட்டியாலேயே அடித்துவிடுகிறார்கள். பயந்து அடிப்பதை நாம் குறைசொல்ல வரவில்லை. ஆனால் பல வேளைகளில் அடிபடுவது பாம்பே அல்ல; பாம்பாக இருந்தாலும் விஷமில்லாதது.

விலங்குகளை எப்படிக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தப் பாத்தியே போதும்.

முதற் கேள்வி, முள்ளந்தண்டு உண்டா என்பது. மண்புழுவுக்கு இல்லை, அட்டைக்கும் இல்லை. எனவே இரண்டும் முள்ளந்தண்டிலிகள். இரண்டின் உடலும் வளையம் வளையமாக அமைந்திருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒன்று மண்ணை வளமாக்குகிறது, மற்றது நம் காலில் ஏறி இரத்தம் குடிக்கிறது. ஆனாலும் இரண்டும் வளையப்புழுக்கள் என்ற ஒரே குழுவைச் சேர்ந்த உறவினர். நல்லது, கெட்டது என்று பிரிக்கவே பிள்ளைகளுக்கு ஆசை. குழு பிரிப்பவர் பார்ப்பதோ உடலமைப்பை.

மூன்றாவது, மண்ணுக்குள் வாழும் ஒரு சிறு பாம்பு. வால் வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக இருப்பதால் இரண்டு தலை என்பார்கள். இதற்கு முள்ளந்தண்டு உண்டு; உடலில் உலர்ந்த செதில்கள் உண்டு; நுரையீரலால் சுவாசிக்கிறது. ஆகவே ஊர்வன. விஷமில்லை. மண்புழுதான் இதன் உணவு.

நான்காவதுதான் நம்மையே ஏமாற்றியது. பிள்ளைகள் சிரட்டையில் கொண்டுவந்து காட்டியபோது நாமும் பாம்பு என்றே சொல்லிவிட்டோம். பக்கவாட்டில் மஞ்சள் கோடு, வழுவழுப்பான ஈரத்தோல், கண் இருப்பதே தெரியாது. இதன் பெயர் இக்தியோபிஸ். இலங்கைக்கே உரிய இனம் ஒன்று நம் மலைச்சரிவுகளில் வாழ்கிறது. தாய் ஈரமண்ணில் முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு காத்திருக்கும். குஞ்சுகள் தண்ணீரில் வளர்ந்து, உருமாறியபின் மண்ணுக்குள் குடியேறும். தவளையின் வாழ்க்கையும் இப்படித்தானே? ஆம், இது தவளையின் குழு: ஈரூடகவாழிகள்.

ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்ல என்பது சற்று ஆறுதல். உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758 இல் இதைப் பாம்புகளோடு சேர்த்துவிட்டார். 1831 இல் ஜேர்மனியரான முல்லர், இதன் நெருங்கிய உறவான ஒன்றின் குஞ்சிலே செவுள் துளைகளைக் கண்டார். பாம்புக்குட்டிக்கு ஏது செவுள்? 1884 முதல் 1886 வரை இலங்கையில் ஆராய்ந்த சரசின் என்னும் சுவிஸ் நாட்டவர் இருவர், முட்டை முதல் இதன் வளர்ச்சியை விரிவாக விளக்கினர். புதிய சான்று கிடைத்தால் குழுவும் மாறும்.

மற்ற விலங்குகளையும் இப்படியே கேட்கலாம். வௌவாலுக்கு இறக்கை உண்டு. ஆனால் உரோமமும் பாலூட்டும் தாயும் உண்டு, எனவே முலையூட்டி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிப் பின்னர் இறந்ததே கருஞ்சிறுத்தை, அது தனி இனமன்று. நிறம் கறுத்த அதே சிறுத்தைதான்.

பாத்திக்குத் திரும்புவோம். எதையும் கையால் தூக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முக்கோணத் தலையும் மேல்நோக்கி நிமிர்ந்த மூக்குமுள்ள சிறு விரியன் ஒன்று தேயிலைச் செடியடியில், சருகுக்குள் சுருண்டு கிடக்கும், அதற்கு விஷமுண்டு. கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்ற நால்வரையும் ஒரு குச்சியால் மெல்லப் பாத்தியோரம் தள்ளி, மேலே ஈரமண்ணைப் போட்டுவிடலாம். அட்டையைத் தள்ளுவதா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. அதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறோம்.