இரு தினங்களில் தஞ்சாவூர்

வாரம் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள், சனி, ஞாயிறு ஆகிய இரு தினங்களை வைத்துக்கொண்டு சரித்திரப் பிரசித்தி பெற்ற நகரம் ஒன்றைக் கண்டு வர விரும்பினால், அவர்களுக்கு நான் முதலில் சொல்வது தஞ்சாவூரைத்தான். சென்னை எழும்பூரில் வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறுகிறவர்கள், பொழுது விடிகிற வேளையில் தஞ்சையில் இறங்கிவிடலாம். ஆனால் அந்த இரு தினங்களுக்குள் கும்பகோணம், திருவாரூர், வேளாங்கண்ணி என்று அத்தனை ஊர்களையும் அடுக்கிக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் வண்டியை விட்டிறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் ஏறி ஓடுகிற பிரயாணத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே ஊரில் தங்கி, ஒரே கோயிலைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் சென்று பார்ப்பதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெரிய கோயிலின் காலை தரிசனத்துக்குச் சீக்கிரமே புறப்பட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிராகாரத்துக் கல்தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும். கேரளாந்தகன் வாயிலையும் ராஜராஜன் வாயிலையும் கடந்து உள்ளே நுழைந்தவுடன், 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானம் எவரையும் அண்ணாந்து பார்க்க வைத்துவிடுகிறது. அதன் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் சிலர் இன்றும் சொல்லிவருகிறார்கள். நிழல் விழத்தான் செய்கிறது. மாலையில் போனால் யாரும் பார்க்கலாம். பொய்யான அதிசயங்களைச் சுமத்த வேண்டிய அவசியம் அந்தக் கோயிலுக்கு இல்லை. மெய்யான அதிசயங்கள் அதன் அடித்தளத்திலேயே, நம் கண்ணெதிரே, வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

விமானத்தைச் சுற்றி ஓடும் அதிஷ்டானத்தின் அருகே சென்று குனிந்து பாருங்கள். பதினொன்றாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து, ஓலையில் எழுதியதைப் போலவே தெளிவாகக் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கரிகாலன் கட்டிய கோயில் என்று தல புராணம் கூற, அதையே ஜனங்களும் நம்பிவந்த ஒரு காலத்தில், ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தச் சாசனங்களைப் படித்து, 1010-ம் ஆண்டில் நிறைவெய்திய இக்கோயிலை எடுப்பித்தவன் முதலாம் ராஜராஜனே என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினார். அரசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் கொடுத்த பொன்னும் மணியும் எடையோடு குறிக்கப்பட்டிருப்பது ஒருபுறமிருக்க, என் மனத்தை ஈர்ப்பவை எளியவர்களைப் பற்றிய குறிப்புகளே. பல தலங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயில் நடன மாதருக்கு, எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வரிசையில்), எத்தனையாவது வீடு என்று குறித்து, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கும் ஒதுக்கி, ஒவ்வொருத்தியின் பெயரையும் அவள் வந்த கோயிலின் பெயரையும் விடாமல் வெட்டிவைத்திருக்கிறார்கள். தேவாரம் பாடுகிறவர்கள் 48 பேர். அவர்களோடு கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் ஆகியோரும் அந்தக் கல்லில் இடம்பெற்றிருக்கிறார்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகள் இடையர் வசம் ஒப்படைக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரம் எப்படி நடந்தது என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் சாசனத் தொகுதி நம் நாட்டில் வெகு அபூர்வம்.

அதே கோயிலில் பிற்காலத்தவர் கைவண்ணமும் உண்டு. பெரிய நந்தியும், தந்த வேலை போன்ற நுட்பம் வாய்ந்த முருகன் சந்நிதியும் நாயக்கர் காலத்தவை. திருச்சுற்று மாளிகையின் சுவரிலோ, 1803-ல் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி பொறிக்கச் செய்த தம் போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு மராட்டி மொழியில் நீண்டு செல்கிறது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் ஓவியத்தின் கீழே மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார்; அந்த உள்சுற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை.

நடுப்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும். அந்த வேளை அரண்மனைக்கு ஏற்றது. அங்குள்ள கலைக்கூடத்தில் எத்தனையோ செப்புத் திருமேனிகள் இருந்தபோதிலும், திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரின் முன்னால் கால் மணி நேரமாவது நில்லுங்கள். பெரிய கோயில் முடிந்த மறு ஆண்டில், 1011-ல், வார்க்கப்பட்ட திருமேனி அது. ஒரு காலை ஊன்றி மறுகாலைக் குறுக்கே வைத்து, சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கட்டி, வலக்கையை மடித்துக் காளையின்மேல் சாய்த்த பாவனையில் சுவாமி நிற்கிறார். காளையைக் காணோம், ஆயினும் அந்த முழங்கையின் வளைவிலும் விரல்களின் தளர்விலும் அதன் உயரத்தையும் முதுகின் திரட்சியையும் உணர்ந்துவிடலாம்.

அதே வளாகத்தில் சரஸ்வதி மஹால் நூல் நிலையம் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் தோன்றிய ஏட்டுச் சேமிப்பை, 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி உலகப் புகழ் பெற்ற பொக்கிஷமாக்கினார். ஆங்கிலேயரிடம் ராஜ்யத்தின் அதிகாரத்தைப் பறிகொடுத்துக் கோட்டைக்குள் ஒடுங்கிய அந்த மன்னர், மனம் சோர்ந்துவிடாமல் தம் வாழ்நாளை வித்தைக்கு அர்ப்பணித்தார். ஐரோப்பாவிலிருந்து தருவித்த புத்தகங்களில் தம் கையொப்பத்தை ஆங்கிலத்தில் இட்டார். கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சையை, நோயுற்ற கண்ணின் வர்ணச் சித்திரத்தோடு குறிப்பெடுத்து வைக்கச் செய்தார். அவருக்குக் கல்வி புகட்டிய ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் நினைவாக அவர் செய்வித்த சலவைக்கல் சிற்பம், சிவகங்கைத் தோட்டத்தையடுத்த தேவாலயத்தில் இருக்கிறது. லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது அது. மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையைச் சீடராகிய மன்னர் பற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியைப் பயணிகளில் பலர் பார்க்காமலே திரும்பிவிடுவது பெரிய குறை.

ஞாயிறு காலையில் நகரத்தின் கைத்தொழில்களைக் காணலாம். பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறவர்களும், பலகையில் பொற்றகடு ஒட்டிக் கல் பதித்துச் சித்திரம் எழுதுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். தலையாட்டிப் பொம்மை வாங்காமல் குழந்தைகள் திரும்ப விடமாட்டார்கள். சங்கீதத்தில் பிரியமுள்ளவர்கள் மட்டும் மாலைக்குமுன் திருவையாறு வரை, சுமார் 13 கிலோமீட்டர், போய் வரட்டும். தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர், தம் சம்பாத்தியத்தையெல்லாம் அதற்கே செலவிட்ட பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பதை அங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் இத்துடன் சேர்க்காதீர்கள். அறுபத்துமூவர் சரிதத்தைச் சாண் அளவுச் சிற்பங்களாகத் தாராசுரத்தார் செதுக்கியிருப்பதைப் பார்க்கவே ஒரு பகல் போதாது. அவற்றுக்கு வேறொரு சனிக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.