செயல்முறையின் நினைவகத்தை அளத்தல்

பாயான் பாருவிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் அங்கேதான் திறந்தது. சில்லுகளோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்ட ஊர் நம்முடையது. அச்சில்லுகளின்மேல் ஓடும் ஒரு நிரல் எவ்வளவு நினைவகம் கொள்கிறது என்னும் எளிய கேள்வியை இங்குத் தமிழில் ஆராய்வோம்.

லினக்ஸ் இயங்கும் கணினியில் முனையத்தைத் திறந்து 'டாப்' என்னும் கட்டளையை இடும் மாணவர் ஒரு வியப்பைக் காண்பார். குரோம் உலாவியின் வரியில், மெய்நிகர் நினைவகத்தைக் குறிக்கும் 'விர்ட்' நெடுவரிசை ஆயிரம் கிகாபைட்டுக்கு மேல் காட்டக்கூடும். கணினியில் இருப்பதோ எட்டு கிகாபைட்டு. உலாவி நினைவகத்தை விழுங்கிவிட்டது, புதிய கணினி வாங்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. பள்ளி ஆய்வகத்துக்கு ஒதுக்கப்படும் பணம் இத்தகைய முடிவுகளால் வீணாகலாம் என்பதால், அந்த எண்ணின் பொருளை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நலம்.

குழப்பத்துக்குச் சொல்லும் ஓரளவு காரணம். 'மெய்நிகர்' என்றால் மெய்யை ஒத்தது. மலாய் மொழியில் இதற்கு 'மாயா' என்னும் சொல் வழங்குகிறது. சமஸ்கிருதத்திலிருந்து வந்த அச்சொல் நம் மாணவர் காதில் 'மாயை' என்றே ஒலிக்கும். மாயை என்றதும் இல்லாத ஒன்றைப் பற்றிய பேச்சு என்று தோன்றும். உண்மையில் மெய்நிகர் நினைவகம் என்பது இயங்குதளம் ஒரு செயல்முறைக்குத் தரும் முகவரிகளின் பரப்பு. இடம் தருவதாக அளித்த வாக்கு என்று அதைக் கொள்ளலாம். ஆகவே 'மெய்நிகர்' என்ற சொல்லே நமக்குப் பொருத்தமானது என்பது எம் கருத்து. முகவரி மெய்யாகவே இருக்கிறது, அதற்குரிய இடம் மட்டும் பின்னர் வரும்.

இந்த ஏற்பாடு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் உருப்பெற்றது. அதன் விரைவான உள்நினைவகம் 16 ஆயிரம் சொற்களை ஒட்டியது. அதனோடு ஏறத்தாழ 96 ஆயிரம் சொற்கள் கொள்ளும் காந்த உருளையும் இருந்தது. நிரல் எழுதுவோர் இரண்டையும் ஒரே பரப்பாகக் கருதுமாறு, தரவை 512 சொற்கள் கொண்ட 'பக்கங்களாக' வகுத்து, வேண்டியபோது பொறியே இடம் மாற்றியது. இன்றைய கணினிகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 4,096 பைட்டு.

திருமணப் பந்தியை நினைத்துக்கொள்வோம். அழைப்பிதழ் ஆயிரம் பேருக்குப் போயிருக்கும். மண்டபத்தில் ஒரு பந்தியில் இருநூறு பேர்தான் அமரலாம். வந்து அமர்ந்தவருக்கே இலை போடுகிறோம். அழைப்பிதழின் எண்ணிக்கைக்கு இலை போடுவார் எவருமில்லர். செயல்முறை நினைவகம் கேட்கும்போது இயங்குதளம் தருவது அழைப்பிதழ். அந்த முகவரியில் முதல்முறையாக எழுதும்போதுதான் இலை விழுகிறது.

கட்டளை வரியில் இவ்விரண்டையும் பிரித்துக் காண 'பிஎஸ்' கட்டளை போதும். செயல்முறையின் எண்ணைத் தந்து, 'விஎஸ்இசட்', 'ஆர்எஸ்எஸ்' என்னும் நெடுவரிசைகளைக் கேட்க வேண்டும். முன்னது முகவரிப் பரப்பு. பின்னது உள்நினைவகத்தில் தங்கியிருக்கும் பக்கங்களின் அளவு; இதைத் தங்கிடம் எனலாம். இரண்டும் 1,024 பைட்டு அலகில் வரும். 'ப்ராக்' கோப்புறையில் அச்செயல்முறையின் எண்ணையே பெயராகக் கொண்ட உட்கோப்புறையின் 'ஸ்டேட்டஸ்' கோப்பில் இன்னும் விரிவு உண்டு. தங்கிடம் இதுவரை தொட்ட உச்சத்தையும், வட்டுக்கு மாற்றி வைக்கப்பட்ட அளவையும் அங்கே படிக்கலாம். ஓர் எச்சரிக்கை: பல செயல்முறைகள் ஒரே நூலகக் கோப்பைப் பகிர்ந்தால், பகிரும் பக்கங்கள் ஒவ்வொன்றின் தங்கிடத்திலும் எண்ணப்படும். எல்லாவற்றையும் கூட்டினால் கணினியில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் வரக்கூடும்.

தமிழ் மாணவர்க்கு ஏற்ற சோதனை ஒன்று உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களைப் போன்ற தமிழ்ப் பனுவல்களைச் சேர்த்து 100 மெகாபைட்டு கொண்ட ஒரு கோப்பாக்கி, பைத்தானில் முழுவதும் ஒரே சரமாகப் படிக்கலாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்குரிய ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஐந்து குறியீடு, 15 பைட்டு. பைத்தானோ நினைவகத்தில் அதே குறியீட்டை இரண்டு பைட்டில் வைக்கும். எனவே இடைவெளிகளைக் கணக்கில் விட்டால், படித்து முடித்தபின் தங்கிடம் ஏறக்குறைய 67 மெகாபைட்டு உயரும். உச்சம் மட்டும் அதைவிட வெகுவாக மேலே நிற்கும். படிக்கும் வேளையில் மூல பைட்டுகளும் உருமாறிய சரமும் சேர்ந்தே இருந்தன அல்லவா? அக்கோப்பில் யாரேனும் ஒரே ஒரு சிரிப்புப் பொம்மையைச் செருகியிருந்தால் முழுச் சரமும் குறியீட்டுக்கு நான்கு பைட்டாக மாறி, 133 மெகாபைட்டை எட்டும். ஒரு பொம்மைக்கு இவ்வளவு விலை!

அடுத்து அச்சரத்தைச் சொற்களாகப் பிரித்துப் பட்டியலில் இட்டால் தங்கிடம் பன்மடங்காகும். ஒவ்வொரு சொல்லும் தனிப்பொருளாகி, ஐம்பது பைட்டுக்கு மேற்பட்ட உறையைச் சுமக்கிறது. அதே கோப்பை வரிவரியாகப் படித்து, வேண்டியதை எண்ணிவிட்டு வரியைக் கைவிட்டால், தங்கிடம் ஏறாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். விடை ஒன்றே, கணினி மட்டும் இளைப்பாறுகிறது. ஆய்வகக் கணினி பழையது என்று ஒதுக்குமுன் இதைச் செய்து பார்ப்பது தகும்.

ஒரு முறை எடுத்த எண்ணால் பயன் குறைவு. 'வாட்ச்' கட்டளையோடு 'பிஎஸ்'ஸை இணைத்து ஐந்து நொடிக்கு ஒருமுறை காணலாம். நெடுநேரம் ஓடும் நிரலாயின் கோப்பில் பதிந்து வரைபடமாக்கலாம். ஏறிப் பின் நிலைகொள்ளும் கோட்டைப் பற்றிக் கவலை வேண்டா. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் தங்கிடம் நினைவகக் கசிவின் அடையாளம். விஎஸ்இசட் மட்டும் ஏறித் தங்கிடம் அசையாதிருந்தால், அழைப்பிதழ் அச்சாகிறது, ஆள் வரவில்லை என்று பொருள்.

கணினி முழுவதும் நெருக்கடியில் உள்ளதா என்பதை 'விஎம்ஸ்டாட்' சொல்லும். அதில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்பவை வட்டிலிருந்து வரும் பக்கங்களையும் வட்டுக்குப் போகும் பக்கங்களையும் காட்டும். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி. அதை விட்டு அடுத்த வரிகளைப் படிக்க வேண்டும். இரு எண்களும் இடைவிடாமல் பெரிதாக இருந்தால், அமர்ந்தவர் உண்ணுமுன் எழுப்பப்பட்டு மீண்டும் அமர்த்தப்படும் பந்தியாகிவிட்டது மண்டபம். அந்த நிலையில்தான் கூடுதல் நினைவகம் வாங்குவதா, நிரலைத் திருத்துவதா என்று ஆராய வேண்டும். இரண்டும் சுழியில் நின்றால் உலாவி காட்டிய ஆயிரம் கிகாபைட்டை அப்படியே விட்டுவிடலாம்.