வானத்துக்கு மேலே ஒரு பரண்

மரப்படிகளில் ஏறி வந்து மூச்சு வாங்க நிற்கிறேன். தலைக்கு மேலே பெரிய பெரிய உத்தரங்கள், சாய்வுச் சட்டங்கள். காலுக்குக் கீழே பலகைத் தளம். அந்தத் தளத்துக்கும் கீழே வானம். ஆமாம், நம் காலுக்குக் கீழேதான் வானம்!

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷெல்டோனியன் தியேட்டருக்குள் நுழைபவர்கள் அண்ணாந்து பார்த்து வாய் பிளப்பது அந்த வானத்தைத்தான். ராபர்ட் ஸ்ட்ரீட்டர் 32 துண்டுகளாகத் தீட்டிய ஓவியம் அது. மேகங்களுக்கு நடுவே உண்மை என்னும் தேவதை கலைகளின் மேலும் அறிவியல்களின் மேலும் இறங்கி வருகிறாள். பொறாமையும் அறியாமையும் தலைகுப்புற விழுகின்றன. இதற்கு முன்மாதிரி பண்டைய ரோமாபுரியின் தியேட்டர். அங்கே கூரை கிடையாது, வெயிலுக்குத் துணிப்பந்தல்தான். இங்கிலாந்து மழையில் அது நடக்குமா? அதனால் கூரையைப் போட்டுவிட்டு, அதன் அடியில் திறந்த வானத்தை வரைந்தார்கள். பொன்முலாம் பூசிய கயிறுகள் பந்தலின் வலைபோல ஓடுகின்றன. சிவப்புத் துணியைக் குட்டித் தேவதைகள் சுருட்டி ஒதுக்குகிறார்கள். அந்தப் பந்தலின் முதுகுப்புறத்தில்தான் இப்போது நிற்கிறோம். உள்ளங்கால் கூசுகிறது!

சரி, இந்தக் கூரை எப்படி நிற்கிறது? அகலம் சுமார் 70 அடி. அவ்வளவு நீளத்தில் ஒரே மரம் கிடைக்காது. நடுவில் தூண் வைத்தால் பார்ப்பவர்களுக்கு மறைக்கும். வரைபடம் போட்ட கிறிஸ்டோபர் ரென் அப்போதுதான் முப்பதைத் தாண்டியவர். வேலையோ வானியல் பேராசிரியர்! அவர் குட்டை மரங்களைப் பல்வெட்டி ஒன்றோடொன்று கோத்து நீண்ட உத்தரமாக்கினார். அதற்கு மேலே முக்கோணச் சட்டங்களை எழுப்பி, உத்தரத்தை மேலிருந்தே தூக்கிப் பிடிக்க வைத்தார். பாரம் முழுவதும் சுவருக்குப் போய்விடும். கீழே நிற்பவருக்கு இந்த மல்லுக்கட்டு எதுவும் தெரியாது, மேகம்தான் தெரியும். 1802 வாக்கில் கூரை மரங்களை மாற்றினார்கள். தூணில்லாத கூடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு பாடும் எதற்காக? சத்தத்துக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காக! அதுவரை பட்டமளிப்பும் வாதப்போரும் புனித மரியாள் தேவாலயத்தில்தான் நடந்தன. விழாவில் பேசுவதற்கென்றே ஒரு வேடிக்கைப் பேச்சாளர் உண்டு. லத்தீனில் அவருக்குப் பெயர் 'மண்ணின் மைந்தன்'. நம் கூத்தில் வரும் கட்டியங்காரனைப்போல, பெரிய மனிதர்களை நேருக்கு நேர் கிண்டலடிக்க அவருக்கு அனுமதி. பலிபீடம் இருக்கும் இடத்தில் இந்தக் கூத்தா என்று கொதித்தார் கில்பர்ட் ஷெல்டன். கான்டர்பரி பேராயரான அவர், கட்டடத்தின் செலவைத் தானே ஏற்றார். 1664இல் தொடங்கிய வேலை 1669இல் முடிந்து, அந்த ஜூலையில் திறப்பு விழா. மண்ணின் மைந்தன் அங்கேயும் வந்து வெளுத்து வாங்க, நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் முகம் சுளித்தார். பேச்சு மாறவில்லை, இடம் மாறியது. ஷெல்டன் நினைத்ததும் அதுதானே!

இன்னொரு சத்தமும் இங்கே குடியிருந்தது: அச்சு இயந்திரத்தின் சத்தம். பல்கலைக்கழக அச்சகம் 1713 வரை இந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது. அச்சடித்த புத்தகங்களை மூட்டை மூட்டையாக இந்தப் பரணில் அடுக்கினார்கள். கனம் தாங்காமல் தளம் கொஞ்சம் தொய்ந்தும் போனது. ஆனாலும் 1720இல் வந்து பார்த்தவர்கள், இன்னும் நூறு இருநூறு வருடம் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அச்சகத்தின் வழிவந்த கிளாரண்டன் பிரஸ்தான் 1900இல் ஜி. யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டது. இந்தப் பலகையில் நின்றுகொண்டு அதை நினைத்தால் சிலிர்க்காமல் இருக்குமா?

பிறகு சங்கீதம் வந்தது. 1733 ஜூலையில் இசையமைப்பாளர் ஹேண்டல் வந்து தன் 'அத்தாலியா' இசைப்படைப்பை இங்கேதான் அரங்கேற்றினார். டிக்கெட் ஐந்து ஷில்லிங். அந்நியப் பிடில்காரர்களுக்கு இவ்வளவு காசா என்று உள்ளூர் அறிஞர் தாமஸ் ஹெர்ன் நாட்குறிப்பில் பொருமித் தீர்த்தார்! 1791இல் இன்னொரு இசையமைப்பாளர் ஹைடன் கௌரவ டாக்டர் பட்டம் வாங்க வந்தார். அப்போது வாசித்த அவருடைய 92ஆம் சிம்பொனிக்கு 'ஆக்ஸ்ஃபோர்ட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது பாரிஸுக்காக எழுதியது!

கீழே இறங்கி ஒரு தூணைத் தொட்டுப் பாருங்கள். பளிங்குபோல ரேகை ஓடுகிறது, தட்டினால் மரம். வண்ணம் பூசிப் பளிங்காக்கியிருக்கிறார்கள். கண்கட்டு வித்தை இத்தனை இருந்தும், பெயரே 'தியேட்டர்' என்று இருந்தும், இங்கே நெடுங்காலம் நாடகம் நடந்ததே இல்லை. 2015இல்தான் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி நாடகக் குழு ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தைப் போட்டது. 346 வருடக் காத்திருப்பு!

பரணிலிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் உச்சியில் எண்கோணக் கூண்டு. இப்போது இருப்பது 1838இல் கட்டியது. சுற்றிலும் ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஜன்னல் கோபுரங்கள். அவற்றில் ஒன்று புனித மரியாள் தேவாலயத்தின் கூர்கோபுரம். சத்தமெல்லாம் அங்கிருந்து இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்றரை நூற்றாண்டாகிறது. அங்கே இன்று பிரார்த்தனை, இங்கே கைதட்டல். நடுவில் நடந்தே போய்விடுகிற தூரம்தான். ஷெல்டன் காசு கொடுத்து வாங்கியது அந்தத் தூரத்தைத்தான்.