"மறுபடியும் வருமா, ஐயா?"



குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, அதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீடு திரும்பும் நாளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவரின் மனைவியும் அதையே கேட்டார்: "கட்டியை எடுத்தாச்சு. மறுபடியும் வருமா, ஐயா?" மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

பெருங்குடலிலிருந்து திரும்பும் இரத்தத்தின் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. அதோடு போகும் புற்றணுக்கள் அங்கே தங்கி வளருகின்றன. நோயுள்ள பகுதியை வெட்டி எடுத்தால் மீதிக் கல்லீரல் வளர்ந்து ஈடுகட்டும். ஆனால் ஸ்கேனில் தெரியாத அணுக்கள் மீந்திருக்கலாம். ஆகையால் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்.

யாருக்கு ஆபத்து அதிகம்? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டாக்டர் யூமன் ஃபாங் குழுவினர் 1001 நோயாளிகளை ஆராய்ந்து, 1999-இல் ஐந்து கேள்விகளை வகுத்தார்கள்:

1. குடல் கட்டியின் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்ததா?
2. குடல் நோய்க்குப் பின் 12 மாதங்களுக்குள் கல்லீரலில் தோன்றியதா?
3. கல்லீரலில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளா?
4. பெரிய கட்டி 5 செ.மீ.க்கு மேலா?
5. இரத்தத்தில் சி.இ.ஏ. என்னும் பொருள் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமுக்கு மேலா?

ஒவ்வொரு 'ஆம்' என்பதற்கும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் பூஜ்யமானவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 60 பேர் உயிரோடிருந்தார்கள். ஐந்தும் பெற்றவர்களில் 14 பேர். இன்று புதிய மருந்துகள் வந்துள்ளன. வெட்டிய ஓரத்தில் நோய் உள்ளதா என்பதையும், ராஸ், பிராஃப் மரபணு மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது. எதிரே அமர்ந்திருக்கும் மனிதரின் முடிவை அது சொல்லாது. ஐந்து பெற்றவர்களிலும் பிழைத்தவர்கள் உண்டு. பூஜ்யம் பெற்றவரும் பரிசோதனையை விடக்கூடாது. எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும் என்பதற்கே அது உதவுகிறது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. இரத்தப் பரிசோதனை, மருத்துவர் சொல்லும் தவணைகளில் சி.டி. ஸ்கேன் என ஐந்து ஆண்டுகள் கவனிப்பது வழக்கம். திரும்பி வந்த நோய் கல்லீரலில் மட்டும் சிறிதாக இருந்தால், சிலருக்கு மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்யவும் முடியும்.

இங்கேதான் இடறல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்; வீட்டில் வருமானம் இராது. "தொழில் தொடங்கட்டும், அப்புறம் ஸ்கேன் பார்ப்போம்" என்று தவணை தள்ளிப்போகிறது. நோயோ தடைக்காலம் பார்ப்பதில்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தர மனமுள்ளோர் பலர். பேருந்துக் கட்டணமும் ஸ்கேன் செலவும் சிறியவையாகத் தோன்றலாம்; ஆனால் அந்த அறுவையின் பலனைக் காப்பது அவைதான். "வருமா?" என்ற அந்தத் தாயின் கேள்விக்கு, "வந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்போம், அம்மா" என்றாவது சொல்ல உங்கள் உதவி வேண்டும்.

உங்கள் ஊழியன்,
மருத்துவமனைப் போதகர்